கண்ணாடியின் உள்பக்கம்

தேவானை அந்த வேலைக்கு விரும்பி வரவில்லை. அடையாறு கஸ்தூரிபா நகரில் பன்னிரண்டு வீடுகள் கொண்ட ஒரு குடியிருப்பில் காலை வேளையில் கார்களைத் துடைத்துக்கொண்டிருந்தவன் அவள் கணவன் சின்னப்பையன். தொண்ணூற்றிரண்டாம் வருஷம் ஐப்பசி மழையில், சைதாப்பேட்டை மார்க்கெட் வாசலில் அவன் வழுக்கி விழுந்ததில் வலது மணிக்கட்டு முறிந்தது.

"கட்டு பிரிக்கிற வரிக்கும் நீ போய்க்கினு இரு. வேற ஆளு உள்ள பூந்துட்டான்னா அப்பால அந்த எடம் நமக்கு இல்ல" என்றான்.

கட்டைப் பிரித்தபோது எலும்பு கோணலாகச் சேர்ந்திருந்தது. ஈரத்துணியை முறுக்கிப் பிழிய அந்தக் கையால் முடியவில்லை. அவன் சைதாப்பேட்டை ரயில் நிலையத்துச் சைக்கிள் ஸ்டாண்டில் டோக்கன் கொடுக்கப் போனான். தேவானை கார்களோடு தங்கிவிட்டாள்.

அவளுக்கு அப்போது முப்பத்தொரு வயது. பயந்த சுபாவம். எதிரே போலீஸ்காரர் வந்தால் சாலையைத் தாண்டி அடுத்த ஓரத்துக்குப் போய்விடுவாள். லிஃப்டில் ஏறமாட்டாள். யாராவது குரலை உயர்த்தினால், தப்பு தன்மேல் இல்லாவிட்டாலும், "இல்லீங்க, இல்லீங்க" என்று இரண்டடி பின்னால் நகர்வாள். இப்படிப்பட்டவளிடம் பிறர் வீட்டுக் கண்ணாடியைக் கொடுத்தால் என்ன ஆகும்? முதல் நாள் ஒரு காரின் முன்கண்ணாடியில் கை வைத்தவள், அழுத்தினால் விரிசல் விட்டுவிடும் என்று பயந்து, கைக்குழந்தையின் முகத்தைத் துடைப்பதுபோல் ஒற்றி ஒற்றி எடுத்தாள். காய்ந்த பிறகு கண்ணாடி முழுக்கத் திட்டுத் திட்டாக நின்றது.

இரண்டாம் மாடியில் சுந்தரராமன் என்று ஒருவர் இருந்தார். வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். ஆகாய நீல நிறத்தில் ஒரு ஃபியட் வைத்திருந்தார். தேவானை வந்து பத்து நாள் ஆகியிருக்கும். அவளைக் கூப்பிட்டு ஓட்டுநர் பக்கத்துக் கதவைத் திறந்து, "இங்கேர்ந்து முன்னாடி பாரு" என்றார்.

அவள் உட்காராமல் குனிந்து பார்த்தாள்.

"இப்போ ஒண்ணும் தெரியாது. நேத்து சாயந்தரம் மத்திய கைலாஷ் கோவிலைத் தாண்டறச்சே வெயில் நேரா மூஞ்சில அடிச்சுது பாரு, அப்போ நீ தொடைச்ச கோடெல்லாம் வெள்ளை வெள்ளையா எழும்பி நின்னுடுத்து. எதிர்ல வந்த சைக்கிள்காரன் என் கண்ணுக்கே தெரியலை. பக்கத்துல வந்தப்பறம்தான் பிரேக் போட்டேன். ஒரு சாண் இடைவெளி. புரியறதா?"

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். யாரென்று தெரியாத ஒரு சைக்கிள்காரன், தான் விட்ட கோட்டுக்குப் பின்னால் மறைந்து, ஒரு சாணில் பிழைத்தான் என்ற நினைப்பில் இரண்டு நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

அதன் பிறகு அவள் கண்ணாடியைத் துடைத்த விதமே வேறு. அந்த வட்டாரத்துப் போர்வெல் தண்ணீர் உப்பு. எத்தனை தடவை துடைத்தாலும் காய்ந்ததும் வெள்ளைப் படலம் விடும். முதல் மாடியில் குடியிருந்த ஹபீபுர் ரஹ்மான் வீட்டு ஏ.சி.யிலிருந்து பின்பக்கத்தில் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும். அந்தச் சொட்டு விழுந்து காய்ந்த இடத்தில் மட்டும் வெள்ளை பூப்பதில்லை என்று ஒரு நாள் கவனித்தாள். காலி பெயின்ட் டப்பா ஒன்றை அதன் கீழே வைத்தாள். வைத்த பிறகு, இது திருட்டாகிவிடுமோ என்று பயம் வந்துவிட்டது. வாட்ச்மேன் ரகுபதியிடம் போய்க் கேட்டாள்.

"ஒழுவுற தண்ணிக்கு எவன் கேஸு போடப் போறான்? வெச்சுக்க" என்று அவர் சிரித்தார்.

வெயில் ஏறும் முன்பே கண்ணாடி வேலையை முடித்துவிடுவாள். சூடான கண்ணாடியில் துடைப்பதற்குள் ஈரம் காய்ந்து கோடாகும். முதலில் தூசியை உதறி எடுத்து, பிறகு பனியன் துணியால் ஈர ஒற்று, கடைசியில் கசக்கிய பழைய செய்தித்தாள். வெளிப்பக்கத்தை இடம் வலமாகத் துடைப்பாள். உள்பக்கத்தை மேலிருந்து கீழாகத் துடைப்பாள். அப்புறம் ஒரு கோடு கண்ணில் பட்டால், அது படுத்திருக்கிறதா நிற்கிறதா என்பதை வைத்தே எந்தப் பக்கத்துக் கோடு என்று தெரிந்துவிடும். இதை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. வெளியே நின்று தேய் தேய் என்று தேய்த்து, கோடு உள்ளே இருக்கிறது என்று பிறகு தெரிந்து அலுத்துப்போனதில் அவளாகக் கண்டுபிடித்தது.

மாசி பங்குனி வந்தபோது அவள் கைபட்ட கண்ணாடியில் ஒரு கோடு இருந்ததாக யாரும் சொல்லவில்லை. சுந்தரராமனின் மனைவி சூடாமணி, "கண்ணாடி இருக்கறதே தெரியலைடி, கை வெளில போயிடும்போல இருக்கு" என்றாள். தேவானைக்கு அந்தப் பாராட்டிலும் ஒரு பயம்தான் வந்தது. நாளைக்கு ஒரு கோடு விழுந்தால்?

தொண்ணூற்றி மூன்று மே மாதம். ஊரே தண்ணீருக்குத் தவித்துக்கொண்டிருந்தது. குடியிருப்பின் தரைக்கடித் தொட்டிக்கு வாரம் இரண்டு முறை லாரியில் தண்ணீர் வரும். வருகிற நேரம் யாருக்கும் தெரியாது.

அன்று எட்டு மணிக்கு வந்தது. தேவானை அப்போது பின்பக்கத்து வேப்பமரத்தடியில் சுந்தரராமனின் ஃபியட்டில் உள்பக்கத்துக் கண்ணாடிகளைத் துடைத்து முடித்திருந்தாள். ஈரம் உலர நான்கு கதவுகளும் திறந்து கிடந்தன.

"தேவானை! ஓடியா! ஹோஸு துள்ளுது, வந்து புடி!" என்று ரகுபதி முன்பக்கத்திலிருந்து கத்தினார்.

துணியைப் போட்டுவிட்டு ஓடினாள். தொட்டியின் இரும்பு மூடியைத் தூக்கிப் பக்கத்தில் சாய்த்திருந்தார்கள். தடித்த ரப்பர் குழாய் அந்தச் சதுர வாயில் அடங்காமல் குதித்தது. இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்துக்கொண்டாள். பத்து நிமிஷம் இருக்கும். தண்ணீர் விழுகிற சத்தத்தில் வேறு எதுவும் காதில் விழவில்லை. வீட்டுக்கு வீடு பக்கெட்டுகளோடு இறங்கி வந்தார்கள். தரைத்தளத்து மதுவந்தியும் வந்தாள். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், கோடை விடுமுறை. கணவன் அச்யுத் வேலை விஷயமாக விசாகப்பட்டினம் போயிருந்தான். வீட்டில் அவளும் மூன்று வயது மகள் சாருலதாவும்தான். லாரிக்காரர் போகும் முன் இரண்டு பக்கெட் பிடித்துவிட வேண்டும் என்ற அவசரத்தில் வீட்டுக் கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டு வந்திருந்தாள்.

குழாய் ஓயும் நேரத்தில் வாசலில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. பட்டுப்புடவையும் கைப்பையுமாகச் சூடாமணி மாடியிலிருந்து இறங்கி வந்தாள். மயிலாப்பூரில் ஒரு பூணூல். காரை எடுத்துக்கொண்டு போனால் மாடவீதியில் நிறுத்த இடம் கிடைக்காது என்று ஆட்டோவுக்குச் சொல்லியிருந்தார்கள்.

"சாவி எங்கடி? முகூர்த்தத்துக்கு நாழியாயிடுத்து, சீக்கிரம் பூட்டிக் கொண்டா!"

தேவானை பின்பக்கம் ஓடினாள். கதவுகளைப் படபடவென்று சாத்தினாள். உள்பூட்டின் குமிழ்களை அமுக்கினாள். ஓட்டுநர் கதவைச் சாவியால் பூட்டினாள். ஓடிவந்து சாவியைக் கொடுத்தாள். சூடாமணி அதைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். கணவன் மனைவி இருவரையும் ஏற்றிக்கொண்டு ஆட்டோ போனது.

ரகுபதி மோட்டாரைப் போட்டார். தொட்டித் தண்ணீர் மாடிக்கு ஏற ஆரம்பித்தது. மோட்டார் அறை ஃபியட்டுக்கு நாலடி தள்ளித்தான். அது ஓடும்போது பக்கத்தில் நின்று பேசினால்கூடக் கேட்காது. தேவானை முன்பக்கத்துக் கார்களைத் துடைக்கப் போய்விட்டாள்.

எட்டே முக்கால் இருக்கும். "சாரு... சாரு..." என்று மதுவந்தியின் குரல் கேட்டது. முதலில் சாதாரணமாகத்தான் கூப்பிட்டாள். எதிர்வீட்டில் விளையாடுகிறாள் என்று நினைத்திருந்தாள். எதிர்வீட்டில் இல்லை. மாடிக்கு ஏறினாள், ஒவ்வொரு கதவாகத் தட்டுவது கீழே கேட்டது. மொட்டைமாடி வரை போய் இறங்கி வந்தபோது அவள் குரல் மாறியிருந்தது. அந்தக் குரலைக் கேட்டு வீடுகளிலிருந்து எல்லோரும் வெளியே வந்தார்கள். கட்டிலடி, அலமாரிப் பின்புறம், மாடிப்படி அடி, தெருமுனைக் கடை என்று ஆளுக்கொரு பக்கம் தேடினார்கள். ஹபீபுர் ரஹ்மான், பாண்டி பஜாரில் தன் மூக்குக்கண்ணாடிக் கடையைத் திறக்கக் கிளம்பிக்கொண்டிருந்தவர், காரை எடுத்துக்கொண்டு தெருத் தெருவாகப் பார்க்கப் போனார். வேறு இரண்டு பேர் பின்பக்கமும் போய்ப் பார்த்தார்கள். ஃபியட்டுக்குள்ளும் எட்டிப் பார்த்தார்கள். இருக்கைகள் காலியாக இருந்தன.

அப்புறம் யாரோ தொட்டியைப் பார்த்தார்கள்.

மூடி இன்னும் போடப்படவில்லை. குழாயை எடுத்த கையோடு எல்லோரும் பக்கெட்டில் கவனமாக இருந்துவிட்டார்கள். இரண்டடிச் சதுரத்தில் கருப்பாகத் தண்ணீர் தெரிந்தது. மதுவந்தி அதன் விளிம்பில் மண்டியிட்டு இரண்டு கையையும் தண்ணீருக்குள் விட்டுத் துழாவினாள். அவள் கை எட்டிய இடத்தில் ஒன்றும் இல்லை.

ரகுபதி சட்டையைக் கழற்றிவிட்டு மோட்டாரை நிறுத்தச் சொல்லி உள்ளே இறங்கினார். தண்ணீர் அவருக்குக் கழுத்து மட்டும் இருந்தது. வாயை விட்டு உள்ளே நகர்ந்ததும் தலை மறைந்தது. உள்ளே அவர் காலால் தடவித் தடவி நடப்பது தண்ணீர்ச் சத்தத்தில் தெரிந்தது.

"இந்தப் பக்கம் இல்லம்மா" என்ற குரல், குடத்துக்குள்ளிருந்து பேசுவதுபோல் வந்தது. கொஞ்ச நேரம் கழித்து, "இங்கயும் இல்ல. மூலைல பாக்குறேன், இரு."

மதுவந்தி விளிம்பைப் பிடித்துக்கொண்டு அசையாமல் இருந்தாள். அழவில்லை. உதடு மட்டும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது. தேவானை சுவரோரம் நின்று அந்த உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். குழாயைப் பிடித்த பத்து நிமிஷத்தை மனதுக்குள் திரும்பத் திரும்ப ஓட்டினாள். குழந்தை பக்கத்தில் வந்ததா? சாவி கேட்டதும் குழாயை விட்டுவிட்டு ஓடினோமே, அப்போதா? யார் மூடியிருக்க வேண்டும் அந்த மூடியை?

"நீதானே ஹோஸைப் பிடிச்சிக்கிட்டிருந்தே?" என்று பக்கத்தில் ஒருவர் கேட்டார். "குழந்தை இந்தப் பக்கம் வந்துதா?"

எல்லா முகமும் அவள் பக்கம் திரும்பியது.

"இல்லீங்க... நான் பாக்கலீங்க... இல்லீங்க" என்று பின்னால் நகர்ந்தாள்.

"போலீஸுக்குப் போன் பண்ணிடலாம். நேரம் ஆக ஆக நல்லதில்லை" என்று இன்னொருவர் உள்ளே போனார்.

போலீஸ் என்ற சொல்லோடு அவள் கால் தானாக நகர ஆரம்பித்தது. அவளுடைய செருப்பும் சாப்பாட்டுத் தூக்கும் பின்பக்கம், மோட்டார் அறை வாசலில் இருந்தன. அவற்றை எடுத்துக்கொண்டு பின்பக்கத்துச் சின்னக் கேட் வழியாகப் போய்விட நினைத்தாள். எங்கே போவது, போனால் என்ன ஆகும் என்றெல்லாம் யோசிக்கவில்லை. இந்த இடத்தில் நிற்க முடியவில்லை, அவ்வளவுதான். பிற்பாடு இதை அவள் யாரிடமும் மறைத்ததில்லை. "ஓடிப்போறதுக்குத்தான் பின்னால போனேன்" என்றுதான் சொல்வாள்.

மோட்டார் நின்றிருந்ததால் பின்பக்கம் நிசப்தமாக இருந்தது. வேப்பமர நிழல் விலகிவிட்டது. ஃபியட்டின் மேல் வெயில் விழுந்துகொண்டிருந்தது. குனிந்து தூக்கை எடுத்து நிமிர்ந்தவள் கண்ணில், ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னாலிருந்த கதவின் கண்ணாடி பட்டது. அதன் அடிப்பக்கம், ஒரு மூலையில், மங்கலாக ஓர் இழுப்பு.

தான் துடைத்த கண்ணாடியில் கோடு. அந்த நேரத்திலும் அவள் கை முந்தானையைப் பிடித்துக்கொண்டு அதைத் துடைக்கப் போனது. இடம் வலமாக ஒரு தடவை தேய்த்தாள். போகவில்லை. எச்சில் தொட்டுத் தேய்த்தாள். போகவில்லை.

உள்பக்கம்.

உள்பக்கத்தைத் துடைத்து ஒன்றரை மணி நேரம்கூட ஆகவில்லை. மேலிருந்து கீழாக, ஒரு கோடு மிச்சமில்லாமல் துடைத்திருந்தாள். கிட்டே போய்ப் பார்த்தபோது, ஈரம் பூத்த ஒரு திட்டின் நடுவே ஐந்து சின்ன விரல்களின் தடம் இழுபட்டுக் கீழே இறங்கியிருந்தது. அதன் கீழே இன்னொன்று, இன்னும் சின்னதாக, நுனிவிரல் மட்டும்.

தேவானைக்கு அந்தக் கணத்தில் இரண்டு பயங்கள் ஒன்றாக வந்தன. குழந்தை உள்ளே இருக்கிறது என்பது ஒன்று. உள்ளே வைத்துப் பூட்டியது நான் என்பது இன்னொன்று. கதவுகள் திறந்து கிடந்தபோது ஏறியிருக்கிறது. சாத்தும்போது குனிந்து பார்க்கவில்லை. குமிழை அமுக்கியது இந்தக் கை. யாரும் பார்க்கவில்லை. இப்போதும் பின்பக்கம் யாரும் இல்லை. கேட் பத்தடியில் இருந்தது.

கண்ணாடியில் முகத்தை அழுத்திக் கீழே பார்த்தாள். இருக்கைகளுக்கு நடுவே தரையில், முன் இருக்கைக்கு அடியில் பாதி நுழைந்த மாதிரி, மஞ்சள் கவுனும் ஒரு பாதமும் தெரிந்தன. பாதம் அசையவில்லை.

"பாப்பா! பாப்பா!" என்று தட்டினாள். அசையவில்லை.

கத்த வேண்டும் என்று வாயைத் திறந்தாள். குரல் வரவில்லை, காற்றுதான் வந்தது. கைப்பிடியை இழுத்தாள். நான்கு கதவையும் இழுத்துப் பார்த்தாள். அவளே பூட்டியது, நன்றாகத்தான் பூட்டியிருந்தாள். சாவி மயிலாப்பூரில் ஏதோ ஒரு கல்யாண மண்டபத்தில், சூடாமணியின் கைப்பையில் இருந்தது.

பின்சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்திருந்த கருங்கல்லை எடுத்தாள். குழந்தை கிடந்த பக்கத்தில் உடைத்தால் சில்லெல்லாம் அதன் மேல் கொட்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. சுற்றிக்கொண்டு எதிர்ப்பக்கம், முன்கதவுக்குப் போனாள். ஆறு மாதமாக விரல்நகம் பட்டுக் கீறிவிடுமோ என்று பயந்து பயந்து துடைத்த கண்ணாடி. கல்லால் அடித்தாள். கல் எகிறித் திரும்பி வந்தது. கண்ணாடியில் ஒரு புள்ளிகூட விழவில்லை. இன்னொரு தடவை, கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு கையாலும் ஓங்கி ஓரத்தில் இறக்கினாள். பொலபொலவென்று கற்கண்டு கொட்டுகிற மாதிரி மொத்தமும் உதிர்ந்தது. உள்ளேயிருந்த அனல் அவள் முகத்தில் அடித்தது.

கையை விட்டுக் குமிழைத் தூக்கினாள். முன்கதவு திறந்தது. உள்ளே ஏறி இருக்கைமேல் கவிழ்ந்து பின்கதவைத் திறந்துவிட்டு, சுற்றி வந்து குழந்தையை இழுத்தாள். அடுப்பிலிருந்து எடுத்த பாத்திரம்போல் உடம்பு கொதித்தது. வியர்வை காய்ந்திருந்தது. கண் பாதி மூடியிருந்தது. நெஞ்சு மட்டும் வேக வேகமாக ஏறி இறங்கியது. ஏ.சி. தண்ணீர் சேர்ந்திருந்த பெயின்ட் டப்பாவை எடுத்துத் தலையிலும் நெஞ்சிலும் அப்படியே ஊற்றினாள். குழந்தை ஒரு தடவை விசுக்கென்று மூச்சு இழுத்தது.

அப்போதுதான் அவளுக்குக் குரல் வந்தது. அந்த அலறலைக் கேட்டுத் தெருவில் போய்க்கொண்டிருந்த சைக்கிள்கள்கூட நின்றன என்று ரகுபதி சொல்வார். அவர் அப்போதுதான் தொட்டியிலிருந்து தலையை வெளியே நீட்டியிருந்தார்.

மதுவந்தி ஓடிவந்து குழந்தையைப் பிடுங்கிக்கொண்டாள். தெருவைச் சுற்றிவிட்டுத் திரும்பிய ஹபீபுர் ரஹ்மான், இன்ஜினை நிறுத்தாமலேயே பின்கதவைத் திறந்தார். "ஏறும்மா, ஏறு. நீயும் ஏறு, தண்ணிய விடாம தொட்டுத் தொட்டு வை" என்றார் தேவானையைப் பார்த்து. யாரோ ஒரு பக்கெட் தண்ணீரை உள்ளே வைத்தார். மூவருமாக ஏறினார்கள்.

மருத்துவமனை ஏழு நிமிஷத் தூரம். தேவானை முந்தானையை நனைத்து நனைத்துக் குழந்தையின் கழுத்திலும் அக்குளிலும் ஒற்றினாள். கல் கிழித்ததில் அவள் உள்ளங்கையிலிருந்து ரத்தம் வந்துகொண்டிருந்தது. மதுவந்தி ஒரு கையால் குழந்தையை அணைத்துக்கொண்டு இன்னொரு கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"நீ மட்டும் அந்தப் பக்கம் போகலேன்னா... தெய்வம்தான் ஒன்னை அனுப்பித்து, தேவானை. நீ என் கொழந்தைக்கு..." என்று சொல்லிச் சொல்லி நின்றாள்.

தேவானையால் அதைக் கேட்க முடியவில்லை. தொட்டியைப் பார்த்தபோது இருந்த பயத்தைவிட இது பெரிதாக இருந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். குழந்தை தானாக ஏறிக் கதவைச் சாத்திக் குமிழையும் அமுக்கிக்கொண்டது என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள்.

"அம்மா, நான்தாம்மா பூட்னேன்."

மதுவந்திக்கு முதலில் புரியவில்லை.

"கதவத் தொறந்து போட்டு ஹோஸு புடிக்கப் போய்ட்டேன். பாப்பா ஏறிக்கினு இருந்திருக்குது. நான் குனிஞ்சி பாக்கல. அவங்க சாவி கேட்டாங்கன்னு அவசரத்துல... நான்தாம்மா பூட்டிட்டேன்."

மணிக்கட்டைப் பிடித்திருந்த கை விலகியது. மதுவந்தி அவளைப் பார்த்தாள். திட்டவில்லை. ஹபீபுர் ரஹ்மான் ஹாரனை அழுத்திக்கொண்டே போனார்.

மருத்துவமனையில் குழந்தையை உள்ளே கொண்டுபோனார்கள். தேவானை பின்னாலேயே போனபோது மதுவந்தி திரும்பாமலே, "நீ போ" என்றாள்.

அவள் போனாள். செருப்பும் தூக்கும் குடியிருப்பின் பின்பக்கத்திலேயே கிடந்தன. வெறுங்காலோடு தார்ச்சாலையில் சைதாப்பேட்டை வரைக்கும் நடந்தாள். மறைமலை அடிகள் பாலத்துக்கு வந்தபோதுதான் கால் சுடுவது தெரிந்தது. சைக்கிள் ஸ்டாண்டில் போய்ச் சின்னப்பையன் பக்கத்தில் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னாள்.

"ஏய், உனுக்கு இன்னா புத்தி கெட்டுப்போச்சா? யாரு பாத்தா? இன்னாத்துக்கு நீயா வாயக் குடுத்த?" கையிலிருந்த டோக்கன்களைக் கீழே வைத்தான். "கொயந்தைக்கு ஒண்ணு ஆச்சுன்னா உன்னத் தூக்கி உள்ள வெச்சிருவாங்க, தெரியுமா?"

"தெரியும்" என்றாள். "அந்தம்மா கையப் புடிச்சிக்கினு தெய்வம்னுச்சுய்யா. எப்டி சும்மா இருக்கறது?"

மூன்று நாள் வேலைக்குப் போகவில்லை. சந்தில் காக்கிச் சட்டை தெரிந்தால் உள்ளே ஓடிவிடுவாள். தபால்காரரைப் பார்த்துக்கூட ஒரு தடவை ஓடினாள். யாரிடம் போய்க் கேட்பது, குழந்தை இருக்கிறதா இல்லையா என்று? கேட்கவும் பயம். கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. அரிசி களையும்போது கை நின்றுவிடும். உள்ளங்கைக் காயத்துக்கு மஞ்சள் வைத்துக் கட்டியிருந்த துணியை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டுவாள்.

நாலாம் நாள் காலை ரகுபதி வந்தார். கையில் அவளுடைய செருப்பும் தூக்கும். வாசலில் நின்றே, "பாப்பா முந்தாநேத்தே கண்ணு தொறந்து பால் குட்ச்சிட்ச்சி. நேத்து சாயங்காலம் வூட்டுக்கும் வந்துட்ச்சி. நல்லா கீது" என்றார்.

தேவானை கதவைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தாள். அன்றுதான் அழுதாள். அழுது முடிக்கும் வரை ரகுபதி தெருப்பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "ஃபியட்டுக்கார ஐயா உன்னக் கூட்டிகினு வரச் சொன்னாரு" என்றார்.

கண்ணாடி உடைத்ததற்குத்தான் என்று நினைத்துக்கொண்டு போனாள். இரண்டாம் மாடிக்குப் படியேறினாள். கதவைத் திறந்தது சூடாமணி. அவள் முகமும் வீங்கியிருந்தது.

"நான்தான்டி ஒன்னை விரட்டினேன்" என்றாள். "சாவி சாவின்னு வாசல்ல நின்னுண்டு கத்தினேன். அங்கே பூணூல் பந்தில ஒக்காந்துண்டு சாப்பிட்டுண்டிருக்கேன், சாவி என் மடில பைக்குள்ள இருக்கு. நெனச்சா ஒடம்பெல்லாம் பதறறது."

சுந்தரராமன் உள்ளேயிருந்து வந்தார். "புதுக் கண்ணாடி போட்டாச்சு. அதைப் பத்தி யாரும் பேச வேண்டாம்" என்றார். "கார் நாலு நாளா தொடைக்காம நிக்கறது. நாளைலேர்ந்து வா."

வந்தாள். ஆனால் தரைத்தளத்து ஜன்னல் வழியாக மதுவந்தி பார்த்துக்கொண்டு நிற்பாள். தேவானை ஒரு காரின் கதவைத் திறந்தால் அவள் ஜன்னலுக்கு வந்துவிடுவாள். சாத்திப் பூட்டும் வரை நகரமாட்டாள். ஒரு வார்த்தை பேசமாட்டாள். தேவானையும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. பூட்டும் முன் நாலு கதவையும் திறந்து, குனிந்து, இருக்கைக்கு அடியில் கையை விட்டுத் தடவி, டிக்கியைத் திறந்து பார்த்து, சாத்தி, மறுபடி திறந்து பார்ப்பாள். ஒரு காருக்கு ஆகிற நேரம் இரட்டிப்பானது. யாரும் குறை சொல்லவில்லை.

குழந்தைக்கு எதுவும் நினைவில்லை. பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகும், சீருடையோடு ஓடிவந்து தேவானையின் பக்கத்தில் நின்று, "இன்னா பண்றே?" என்று அவள் மாதிரியே பேசிக் காட்டும். தேவானை ஒவ்வொரு தடவையும் கையிலிருந்த துணியைக் கீழே வைத்துவிட்டு, "தோ பாரு, அம்மாகிட்ட போ, போ கண்ணு" என்று முதுகில் கை வைத்துக் கூட்டிக்கொண்டு போய் வீட்டு வாசலில் விட்டுவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பாள். மதுவந்தி கதவைத் திறந்து குழந்தையை உள்ளே இழுத்துக்கொள்வாள்.

இப்படி இரண்டு வருஷம் போயிற்று. தொண்ணூற்றைந்தில் அச்யுத் ஒரு வெள்ளை மாருதி வாங்கினான். மாலை போட்டு, எலுமிச்சை நசுக்கி, ஊர்வலம்போல் ஒரு சுற்று போய் வந்தார்கள். மறுநாள் காலை தேவானை சுந்தரராமனின் காரைத் துடைத்துக்கொண்டிருந்தபோது மதுவந்தி வெளியே வந்தாள். நேராக அவளிடம் வந்து மாருதியின் சாவியை நீட்டினாள்.

"நாளைலேர்ந்து இதையும் நீயே தொடைச்சுடு" என்றாள். இரண்டு வருஷத்தில் முதல் பேச்சு.

தேவானை சாவியைப் பார்த்தாள். கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"வேணாம்மா."

"ஏன்? நான்தானே சொல்றேன்."

"மத்ததெல்லாம் தொடைக்கிறேன்மா. பாப்பா ஏறுற வண்டி மட்டும் வேணாம். பூட்டும்போது எனுக்குக் கை ஓடாது. இப்பவே பாருங்க" என்று கையை நீட்டிக் காட்டினாள். விரல்கள் நடுங்கிக்கொண்டிருந்தன.

மதுவந்தி அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு சொன்னாள்: "அன்னிக்கு நானும் ஆத்துக் கதவைத் தெறந்து போட்டுட்டுத்தான் பக்கெட்டைத் தூக்கிண்டு வந்தேன். ஒருத்தரும் என்னைக் கேக்கலை. நானும் சொல்லலை."

தேவானை கையிலிருந்த துணியை மடித்தாள், பிரித்தாள்.

மதுவந்தி சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். "சரி, நானே தொடைச்சுக்கறேன். உள்ளே வா. காப்பி குடிச்சுட்டுப் போ."

தேவானை வாளியை ஓரமாக வைத்தாள். ஃபியட்டின் கதவுகள் நான்கையும் இன்னொரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு அவள் பின்னால் போனாள்.